மகனை விடுதிப் பாடசாலைக்கு அனுப்புவதா, திருகோணமலையிலேயே வைத்திருப்பதா?

உவர்மலை அம்மா — புதன், இரவு 9.40

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகனுக்கு 9 வயது. ரெட்டினைட்டிஸ் பிக்மன்டோசா என்று கண் கிளினிக்கில் சொன்னார்கள். 6 வயதில் பொழுதுபட்டதும் வாசற்படியில் தடுக்கி விழத் தொடங்கினான். விளையாட்டுப் புத்தி என்று ஏசினோம். இப்போது பகலில் நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இருட்டினால் ஒன்றுமே இல்லை. கரும்பலகை எழுத்தும் போய்விட்டது.

இப்போது படிக்கிற பாடசாலையில், அடுத்த வருடம் எங்களால் பொறுப்பெடுக்க ஏலாது, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான இடத்துக்குக் கொண்டுபோங்கோ என்று சொல்லிவிட்டார்கள். மட்டக்களப்பில் விடுதியோடு இருக்கிறதாம், யாழ்ப்பாணப் பக்கமும் இருக்கிறதாம். இவன் அப்பாவுக்கு அனுப்பத்தான் விருப்பம். எனக்கு மனம் வரவில்லை. இவனுக்கு இன்னும் நான்தான் சோறு குழைத்துத் தீத்துகிறேன். குளிக்க வார்ப்பதும் நான்தான். அங்கே யார் பார்ப்பார்கள்?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

சல்லிக்காரன் — புதன், இரவு 10.05

அக்கா, மனம் தளராதீர்கள். இந்த வருத்தத்துக்கு இந்தியாவில் ஒரு வைத்தியர் மூலிகைச் சாறு விடுகிறார். என் மச்சானின் கூட்டாளி போய் வந்தவர். நம்பர் வேண்டுமென்றால் தனிச்செய்தி போடுங்கோ.

கடற்காற்று — புதன், இரவு 10.50

நம்பர் வேண்டாம் அக்கா. அது பரம்பரையாக வருகிற விழித்திரை நோய். மரபணுக்கள் எத்தனையோ சம்பந்தப்பட்டது. 2017 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மரபணுச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதுவும் ஆர்.பி.ஈ.65 என்ற ஒரேயொரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்குத்தான். கண்ணுக்குள் சாறு விட்டு இது மாறாது. காணி விற்றுப் போய், இருந்த பார்வையையும் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கிளினிக்கை மட்டும் விடாதீர்கள். இதோடு கண்புரையும் சேர்ந்து வரலாம், அதையாவது எடுக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. விடுதியை விட எனக்கு உறைத்தது வேறு வரி. 9 வயதுப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறேன் என்றீர்கள். அவனுக்குப் பழுது கண்ணில். கைக்கு என்ன நடந்தது?

மூன்றாம் குறுக்கு — புதன், இரவு 11.10

கடற்காற்று அண்ணா, முதல்முறையாக எழுத வந்த ஒரு அம்மாவிடம் இப்படியா கேட்பது?

கடற்காற்று — வியாழன், காலை 6.15

சரி, பிழைதான். அக்கா குறை நினைக்க வேண்டாம். இரவு இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டு மூன்றாம் தரம் கோபத்தோடு அனுப்பிவிட்டேன். கோபம் உங்கள் மேலில்லை, என் அம்மா மேல். அவ போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது.

எனக்கு 24 வயதில் பார்வை போனது. எப்படி என்பது இந்த இழைக்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில்தான் வாழ்ந்தேன். அம்மா தேத்தண்ணி ஆற்றிக் கையில் தருவா. சேட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடுவா. பல்துலக்கியில் பேஸ்ட் வைத்துத் தருவா. ஊர் முழுக்க அவவைத் தெய்வம் என்றது, நானும் சொன்னேன். ஒருநாள் அவவுக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது. 'தம்பி, ஒரு வாய் சுடுதண்ணி' என்று கேட்டா. 27 வயது ஆம்பிளை, குசினி வாசலில் நின்று அழுதேன். அடுப்பு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மூன்று வருடமாக அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். பிறகுதான் இதெல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் என்று தெரிந்தது. தேத்தண்ணிக் கதையை மட்டும் சொல்கிறேன், உங்கள் மகனுக்கு உதவும்.

கேத்தலுக்குக் காது கொடுத்தால் போதும். முதலில் சீறும், பிறகு பெரிதாக இரையும், கொதி வருகிற நேரம் இரைச்சல் தணிந்து கொப்புளிக்கும். அந்தத் தணிவுதான் அடையாளம். கோப்பையைத் தட்டத்துக்குள் வைக்க வேண்டும், சிந்தினாலும் தட்டத்தோடு போகட்டும். ஒரு விரலை விளிம்பில் மடித்து நுனியை உள்ளே விட்டுக்கொண்டு ஊற்ற வேண்டும், நுனியில் ஈரம் பட்டதும் நிறுத்த வேண்டும். பச்சைத் தண்ணீரில் பழகிவிட்டுத்தான் சுடுதண்ணீர். கொஞ்ச நாளில் விரலே தேவைப்படாது. கோப்பை நிறைய நிறைய ஊற்றும் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போகும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். இப்போது கந்தோரில் எட்டுப் பேருக்கு நான்தான் பிளேன்ரீ போடுகிறேன். ரெலிபோன் ஒப்பரேட்டர் வேலை, ஆனால் ஆட்கள் என்னைத் தேடி வருவது தேத்தண்ணிக்கு.

சோறு தீத்துவதை நாளைக்கே நிறுத்துங்கோ என்று சொல்லவில்லை. ஒருநேரச் சாப்பாட்டை அவன் கையில் விட்டுப் பாருங்கோ. சோற்றுக் கோப்பையை மணிக்கூடாக நினைக்கச் சொல்லுங்கோ. 12 மணிக்கு மீன், 3 மணிக்குப் பருப்பு, 9 மணிக்குச் சம்பல். முள்ளெடுக்கத்தான் கொஞ்சக் காலம் பிடிக்கும். எனக்கு இன்றைக்கும் சூடை மீன் என்றால் பயம்.

ஓய்வு டீச்சர் — வியாழன், மாலை 4.30

விசேட கல்வியில் 22 வருடம் இருந்தேன். அம்மா, முதலில் ஒன்று. 'பொறுப்பெடுக்க ஏலாது' என்று வாயால் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு வராதீர்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு. வேலைக்கு எடுப்பதிலும் பாடசாலையில் சேர்ப்பதிலும் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு பண்ணக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் தாருங்கோ என்று கேளுங்கோ. எழுத்து என்று கேட்டதும் பாதிப் பேருக்குக் குரல் மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பாருங்கோ.

இரண்டாவது, உங்கள் பிள்ளை இப்போது முழுதாகப் பார்வையற்றவன் இல்லை, பார்வை குறைந்தவன். இரண்டுக்கும் செய்கிற வேலை வேறு. முன்வாங்கில், அவனுக்குத் தெரிகிற நடுப் பகுதிக்கு நேரே கரும்பலகை வருகிற மாதிரி இருத்த வேண்டும். அப்பியாசக் கொப்பியில் கோடு கறுப்பாகத் தடித்திருக்க வேண்டும், எழுதுவது கறுப்பு மார்க்கரால். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு போட்டால் அவனுக்கு அங்கே ஒன்றுமில்லை. கடுநீலத்திலோ சிவப்பிலோ ஒரு கோப்பை வாங்கிக் கொடுங்கோ. அவன் தானாகச் சாப்பிடாததற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதைச் சொன்னால் தாய்மார் அழுவார்கள், என்றாலும் சொல்லத்தான் வேண்டும். பார்வை இருக்கும்போதே பிரெயில், அதுதான் விரலால் தடவி வாசிக்கிற புள்ளியெழுத்து, படிக்க வைக்க வேண்டும். இந்த நோயில் வயதோடு பார்வை ஒடுங்கிக்கொண்டு வரும். சின்ன வயதில் விரல் சுறுசுறுப்பாக இருக்கும்.

பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. 2 நிரல், நிரலுக்கு 3 புள்ளி, மொத்தம் 6. தமிழ்ப் பிரெயிலில் அ என்றால் 1 ஆம் புள்ளி மட்டும். ம என்றால் 1, 3, 4. மெய்யெழுத்துக்கு முன்னால் 4 ஆம் புள்ளியைத் தனியாக ஒரு கட்டத்தில் போட்டால் அது குற்று, அச்செழுத்தில் மெய்க்கு மேலே வைக்கிற புள்ளி. ஆகவே 'அம்மா' என்பது ஐந்து கட்டம்: அ, குற்று, ம, ம, ஆ. என் பிள்ளைகள் எல்லாருக்கும் முதலில் படிப்பிக்கிற சொல் அதுதான். அச்செழுத்தில் 'கோ' எழுதக் கொம்பை முன்னுக்குப் போட்டு அரவைப் பின்னுக்குப் போட்டுச் சுற்றி வளைக்கிறோம். பிரெயிலில் க, அப்புறம் ஓ, முடிந்தது. வாய் சொல்கிற ஒழுங்கிலேயே கை போகும். பார்வையுள்ள பிள்ளைகளை விட இவர்களுக்கு எழுத்துப்பிழை குறைவு என்று நான் எப்போதும் பெருமையடிப்பேன், அது டீச்சர்மாரின் பெருமை, கணக்கில் எடுக்க வேண்டாம்.

சிலேட்டில், அதாவது தாளை இடையில் வைத்து ஊசியால் புள்ளி குத்துகிற சட்டத்தில், குத்தும்போது மட்டும் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புடைப்பு இடமிருந்து வலமாக வரும். பெரியவர்கள்தான் இதில் குழம்புவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கிழமை போதும்.

மூன்றாம் குறுக்கு — வியாழன், இரவு 8.20

அம்மாவின் உண்மையான கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. நான் வருகிறேன். 7 வயதிலிருந்து விடுதியில் வளர்ந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். பார்வை கொஞ்சம் இருக்கிறது.

விடுதி எனக்கு என்ன தந்தது? எல்லாம். தலை இழுப்பது, உடுப்புத் தோய்ப்பது, சீருடையையும் வீட்டுச் சட்டையையும் துணியின் தொடுகையில் பிரிப்பது, பிரெயில், கம்பியூட்டர். இரவு வெளிச்சம் அணைத்த பிறகு போர்வைக்குள் கதைப் புத்தகம் வாசிக்க எங்களால் மட்டும்தான் முடியும். பத்துப் பேர் சேர்ந்து விழுந்து எழும்பினால் வெட்கமில்லை. வீட்டில் இருந்தால் நான்தான் ஊரிலேயே ஒரே குருடி.

எதை எடுத்தது? லீவுக்கு வீட்டுக்கு வந்தால் நான் விருந்தாளி. எனக்கென்று தனிக் கோப்பை, தனிக் கதிரை. தங்கச்சிக்கு என்னோடு சண்டை பிடிக்கத் தெரியாது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழும்பி நிற்பார்கள். அங்கே தனியாக உடுப்புத் தோய்க்கிற நான், இங்கே வந்தால் கிணற்றடிக்குப் போக விடமாட்டார்கள். விடுதி கற்றுத் தந்ததை ஒவ்வொரு லீவிலும் வீடு பறித்துக்கொண்டது. அதனால் எங்கே படிக்கிறான் என்பதை விட, வீட்டுக்கு வந்தால் அவனை என்ன செய்ய விடுவீர்கள் என்று பாருங்கோ.

இன்னொன்று. பார்வை குறைந்தவர்களுக்கு ஒரு தனிக் கரைச்சல் இருக்கிறது. நான் இரவில் வெள்ளைப்பிரம்போடுதான் போவேன். போன மாதம் பஸ்ஸில் ஒருவர் எழும்பி இடம் தந்தார். இருந்துவிட்டு போனை முகத்துக்குக் கிட்ட வைத்து மெசேஜ் பார்த்தேன். உடனே பின்னாலிருந்து, 'நடிக்கிறாள், நல்லாக் கண் தெரியுது' என்று ஒரு குரல். இடம் தந்தவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கண் தெரியாது என்றால் முழு இருட்டு என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். உங்கள் மகன் பகலில் பந்து பிடிப்பான், மாலையில் கதவில் மோதுவான். அவனையும் நடிக்கிறான் என்பார்கள். இதற்கும் அவனை இப்போதே ஆயத்தப்படுத்துங்கோ.

ஸ்டாண்ட் ராசா — வெள்ளி, காலை 11.45

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். எல்லாரும் பிள்ளையை வெளியே விடு விடு என்கிறீர்கள். திருமலை ரோட்டை நாங்கள்தான் பார்க்கிறோம். கானுக்கு மேல் கொங்கிரீட் மூடி பாதி இடத்தில் இல்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, மாடு, மான். நேர்மையாகச் சொன்னால், பிரம்போடு ஒருத்தர் குறுக்கே வந்தால் எனக்கே கைகால் நடுங்கும். தாய்க்குத்தானே தெரியும் பிள்ளையின் அருமை. வீட்டில் வைத்துப் பார்க்கிறதில் என்ன குற்றம்?

கடற்காற்று — வெள்ளி, பகல் 12.30

ராசா, நீங்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அந்தக் கானுக்குள் நானே விழுந்திருக்கிறேன். முழங்காலில் தையல் இருக்கிறது. யாரிடம் முறையிட்டாலும் அது மற்றக் கந்தோரின் வேலை என்பார்கள்.

ஆனால் பிரம்பு அதற்குத்தான். முந்தி பிரம்பென்றால் ஊன்றுகோல். 1940களில்தான் அமெரிக்காவில் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் நீளப் பிரம்பையும் அதை வீசி நடக்கிற முறையையும் கொண்டுவந்தார். நெஞ்செலும்பு உயரத்துக்குப் பிரம்பு. கையை வயிற்றுக்கு நேரே நடுவில் பிடித்து, தோள் அகலத்துக்கு வலமும் இடமும் தட்ட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது நுனி வலப் பக்கம் தட்டும், அடுத்து வலது கால் போகப் போகிற இடம் அது. ஒரு அடி முன்கூட்டியே நிலத்தை விசாரிக்கிறோம். கான் திறந்திருந்தால் நுனி உள்ளே இறங்கும், நாம் நின்றுவிடலாம். நான் விழுந்த அன்றைக்குக் கையில் பிரம்பு இல்லை. கலியாண வீட்டுக்குப் போகிற வழி, பிரம்பு வேண்டாம், ஆட்கள் பார்ப்பார்கள் என்று வீட்டில் சொன்னார்கள்.

மான் என்றீர்கள், அதற்கும் கதை இருக்கிறது. கோட்டைப் பக்கம் ஒருநாள் விடியப்புறம் நடந்தபோது நுனி ஏதோ மெத்தென்ற சாமானில் பட்டது. யாரோ சாக்கு மூட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று இன்னொரு தரம் தட்டினேன். சாக்கு எழும்பி ஓடியது. நான் மற்றப் பக்கம் ஓடினேன்.

பாதையை நாங்கள் சும்மா குத்துமதிப்பில் நடப்பதில்லை. காலையில் வெயில் முகத்தில் அடித்தால் டச்பே கடற்கரையைப் பார்த்துப் போகிறேன், முதுகில் அடித்தால் உட்துறைமுகப் பக்கம். ஒன்றில் அலைச் சத்தம், மற்றதில் தண்ணீர் சும்மா கிடக்கும். பத்திரகாளி அம்மன் கோயில் மணி எனக்கு மணிக்கூட்டுக் கோபுரம் மாதிரி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில்தான் கஷ்டம், காதுக்குள் காற்று நுழைந்து பாதித் திருமலையை அழித்துவிடும். மாரி மழையும் அப்படித்தான், தகரத்தில் விழுந்தால் ஊர் முழுக்க ஒரே சத்தம்.

ஸ்டாண்ட் ராசா — வெள்ளி, பகல் 1.10

சரி தம்பி. ஒன்று கேட்கிறேன், சிரிக்க வேண்டாம். பிரம்போடு ஒருத்தரைக் கண்டால் ஹோர்ன் அடிக்க வேணுமா கூடாதா?

கடற்காற்று — வெள்ளி, பகல் 1.25

கிட்ட வந்து அடிக்காதீர்கள். ஹோர்ன் கேட்டால் நீங்கள் நிற்கிற இடம் தெரியும், 'போ' என்கிறீர்களா 'நில்' என்கிறீர்களா என்று தெரியாது. ஆட்டோவை நிறுத்திவிட்டு 'அண்ணே, நான் நிக்கிறன், போங்கோ' என்று வாயால் சொல்லுங்கோ. கடத்திவிட விரும்பினால் முதலில் கேளுங்கோ. பிரம்புக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அது எங்கள் கண்ணைப் பொத்துகிற மாதிரி. உங்கள் முழங்கைக்கு மேலே நாங்கள் பிடித்துக்கொள்கிறோம், நீங்கள் அரையடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் ஏறுதா இறங்குதா என்று மட்டும் சொல்லுங்கோ. ஒருமுறை ஒரு புண்ணியவான் என்னைத் தூக்காத குறையாக ரோட்டைக் கடத்திவிட்டுப் போய்விட்டார். நான் கடக்க நிற்கவேயில்லை, பஸ்ஸுக்கு நின்றேன்.

கிண்ணியான் — ஞாயிறு, இரவு 9.00

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வாப்பாவுக்கு 63 வயது. சீனி வியாதி. ஒன்றரை வருடத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. 2009 இல் கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்தி, ஆட்களை ஏற்றி இறக்குகிற பாதை (மிதவை) வருகிற துறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர், என்ஜின் சத்தத்தை வைத்தே எந்தத் தோணி வருகிறது என்று சொல்லுவார். இப்போது விறாந்தையில் கதிரையில் இருக்கிறார், பேசுவதும் இல்லை. பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், விடியச் சுபஹுத் தொழுகைக்கு எங்களை எழுப்பப் பாவமாக இருக்கிறது என்று அவரே வேண்டாம் என்கிறார். இந்த வயதில் என்ன பழக்குவது?

ஓய்வு டீச்சர் — ஞாயிறு, இரவு 9.50

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பெரியவர்களுக்குப் பிரெயிலில் தொடங்க வேண்டாம். நீண்ட காலம் சீனி இருந்தால் விரல் நுனி மரத்துப்போகும், புள்ளி பிடிபடாது. பிறகு நான் எதற்கும் உதவாதவன் என்று அதையும் ஒரு சாட்டாகப் பிடித்துக்கொள்வார். போனில் தொடங்குங்கோ. அண்ட்ரொயிட் போன் என்றால் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற டோக்பேக் அதிலேயே இருக்கிறது, காசு தேவையில்லை, தமிழில் வாசிக்கும். முதலில் நேரம் கேட்கவும் ஆளுக்குக் கோல் எடுக்கவும் மட்டும் பழக்குங்கோ.

கால் கவனம். விரல் மரத்தால் காலும் மரத்திருக்கும். வீட்டுக்குள்ளேயும் செருப்போடு நடக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு இரவும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும். புண் வந்தது அவருக்குத் தெரியாது, காணவும் மாட்டார்.

கடற்காற்று — ஞாயிறு, இரவு 10.15

நானா, எனக்கு ஒரு யோசனை. கட்டிலில் இருந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்கிற குழாய் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு நைலோன் கயிறு கட்டுங்கோ. குழாய் வருகிற இடத்தில் ஒரு முடிச்சு, படி வருகிற இடத்தில் இரண்டு முடிச்சு. கையைக் கயிற்றில் ஓட்டிக்கொண்டு யாரையும் எழுப்பாமல் போய் வருவார். அது பழகியதும் படலை வரைக்கும் நீட்டுங்கோ. பள்ளி கடைசி.

அந்த விறாந்தைக் கதிரையை ஒருநாளும் இடம் மாற்றாதீர்கள். எங்கள் வீடுகளில் பெரிய எதிரி அரைவாசி திறந்த கதவும், 'கூட்டுவதற்காகக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்' என்கிற ஸ்டூலும்தான்.

சல்லிக்காரன் — திங்கள், காலை 7.30

நம்பர் கேட்டு மூன்று பேர் தனிச்செய்தி போட்டிருக்கிறார்கள். நல்லது செய்யப்போனாலும் இங்கே ஏச்சுத்தான்.

மட்டுறுத்துநர் — திங்கள், காலை 8.10

வைத்தியர் தொடர்பு இலக்கங்களைத் தனிச்செய்தியிலும் பகிர வேண்டாம். இது பற்றி இனி வரும் பதிவுகள் நீக்கப்படும். இழை தொடரட்டும்.

உவர்மலை அம்மா — திங்கள், இரவு 10.30

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். கடற்காற்றுத் தம்பி, முதல்நாள் இரவு அழுதுவிட்டுத்தான் படுத்தேன், ஆனால் கோபமில்லை. நேற்று கடுநீலக் கோப்பை ஒன்று வாங்கிச் சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் போட்டு முன்னால் வைத்தேன். 'அம்மா, பருப்பு எத்தனை மணி?' என்று அவனே கேட்டான். இவன் அப்பா அவனுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், இந்த இழையை அவரும் வாசிக்கிறாராம். எனக்குத் தெரியாது. நிலமெல்லாம் சோறு. நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன், நின்றால் கை நீளும்.

ஒரு கேள்வி. கடைக்கு அனுப்பலாமா? எங்கள் வீட்டிலிருந்து இறக்கத்தில் ஐந்து வீடு தள்ளி. ரோட்டைக் கடக்கத் தேவையில்லை. காசை எப்படித் தெரிந்துகொள்வான்?

மூன்றாம் குறுக்கு — திங்கள், இரவு 10.55

காசு நோட்டின் உயரம் எல்லாம் ஒன்று. நீளம்தான் மாறும். 20 இலிருந்து 50, 100, 500, 1000 என்று போகப் போக 5 மில்லிமீற்றர் படி கூடும். இரண்டு நோட்டை ஒரு ஓரம் சேர்த்துப் பிடித்துவிட்டு மற்ற ஓரத்தைத் தடவினால் எது கட்டை, எது நீளம் என்று விரல் சொல்லும். ஒற்றை நோட்டு என்றால் விரல்களுக்கு இடையில் வைத்து அளக்கப் பழகலாம், அதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும்.

பேர்சில் மடிப்பை வைத்துப் பிரிக்கலாம். நான் 100 ஐ மடிக்காமல் வைப்பேன், 500 ஐப் பாதியாக, 1000 ஐ நீளப்பாட்டுக்கு. கடைக்காரர் மீதி தரும்போது எது என்ன என்று வாயால் எண்ணித் தரச் சொல்ல வேண்டும். கேட்க வெட்கப்படக்கூடாது. ஒரு வங்கியில் எனக்கு ஏ.டி.எம். அட்டை தர மாட்டோம், இரண்டு சாட்சியோடு வா என்றார்கள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன், மூன்றாம் நாள் தந்தார்கள். ஆனால் அதற்கு முந்தி எத்தனையோ பேர் அட்டை இல்லாமல் திரும்பிப் போயிருப்பார்கள், அதை நினைத்தால்தான் ஆத்திரம்.

கடற்காற்று — திங்கள், இரவு 11.05

முதல் பத்து நாள் கூடப் போங்கோ, ஆனால் கையைப் பிடிக்காதீர்கள். படலைச் சத்தம், மாமரம் விழுத்துகிற நிழல், நாய் குரைக்கிற வீடு, கடைக் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் என்று அவனே அடையாளம் சொல்லட்டும். நீங்கள் சொல்லிக் கொடுத்த அடையாளம் உங்களுடையது, அவனுக்கு உதவாது. பிறகு பத்து அடி பின்னால். பிறகு படலையடியில். மத்தியான வெயிலும் மம்மலும் வேண்டாம், காலை 8 மணி நல்லது. இப்போது நேரே இருப்பது தெரியும் என்றாலும் பிரம்பைக் கையில் கொடுங்கோ, தெரியாத பக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். சமூக சேவை உத்தியோகத்தரைப் பிரதேச செயலகத்தில் கேட்டால் பிரம்புக்கு வழி சொல்லுவார்.

கிண்ணியான் — 12 நாட்களுக்குப் பிறகு, காலை 6.40

கயிறு கட்டினோம். முதல் இரண்டு நாள் வாப்பா தொடவேயில்லை, மாட்டைக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் விடிய நான் எழும்பும்போது குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன்.

போனில் நேரம் கேட்கப் பழகிவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்கிறார், வீட்டில் எல்லாருக்கும் தலையிடி.

ஸ்டாண்ட் ராசா — அதே நாள், காலை 9.00

ஸ்டாண்டில் மற்றப் பொடியன்களுக்கும் ஹோர்ன் கதையைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா, பிள்ளையை ரோட்டில் விடுகிறது எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் அவன் ஸ்டாண்ட் பக்கம் வந்தால் சொல்லுங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உவர்மலை அம்மா — ஒரு மாதத்துக்குப் பிறகு, இரவு 8.15

ஓய்வு டீச்சர் சொன்ன மாதிரி எழுத்தில் கேட்டேன். 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே அம்மா' என்றார்கள். சரி. வலயத்தில் கதைத்திருக்கிறோம். விசேட கல்விப் பிரிவு உள்ள வேறொரு பாடசாலையையும் பார்க்கச் சொல்கிறார்கள். தை மாதத்துக்கு முன் மட்டக்களப்புக்கும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரப் போகிறோம், அவனையும் கூட்டிக்கொண்டு. முடிவு எடுக்கவில்லை. இவருக்கும் எனக்கும் இன்னும் இதில் இழுபறிதான்.

இன்று சனிக்கிழமை காலை, முதல்முறையாகப் பாண் வாங்கத் தனியாக அனுப்பினேன். நான் படலையடியில். அவன் இறங்கிப் போய்க் கடைக்குள் நுழைந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஒரு யுகம். ஓடிப்போய்ப் பார்ப்போமா என்று இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகுதான் கடைக்காரர் நடந்ததைச் சொன்னார். 500 ரூபாய்க்கு மீதி கொடுத்து, 'மூன்று நூறும் சில்லறையும் தம்பி' என்றாராம். இவன் போகாமல் நின்று, நோட்டுகளை மேசையில் வைத்து ஓரம் சேர்த்துத் தடவிக்கொண்டே இருந்தானாம். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைக்காரர் 'என்ன தம்பி, சரிதானே' என்று கேட்க, 'அண்ணை, இதில ஒரு நூறு கட்டையா இருக்கு' என்றானாம். எடுத்துப் பார்த்தால் ஐம்பது.

வரும் வழியில் பாணின் ஒரு மூலையைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தான். அதற்கு மட்டும் ஏசினேன்.

ஓய்வு டீச்சர் — அதே நாள், இரவு 8.40

வருகிற சனி உவர்மலைப் பக்கம் வர இருக்கிறேன். என்னிடம் பழைய சிலேட்டும் குத்தூசியும் ஒன்று சும்மா கிடக்கிறது. தடித்த தாள் கொஞ்சம் எடுத்து வையுங்கோ. கலண்டர் மட்டை என்றாலும் பரவாயில்லை.